மேடையில் தெரியும் பணிவு மெய்தானா?

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஒரு பிள்ளை அபாரமாகப் பாடி முடிக்கிறது. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பிள்ளை தலைகுனிந்து, கண் கலங்கி, “எல்லாம் என்ர குருவின்ர ஆசி” என்கிறது. அந்த நேரத்தில் எங்கள் திருகோணமலைச் சீனன்குடாவில் எந்த வீட்டு விறாந்தையிலும் இரண்டு தீர்ப்புகள் வரும். “எவ்வளவு தன்மையான பிள்ளை, கொஞ்சமும் எடுப்பில்லை” என்பது ஒன்று. “இதெல்லாம் சொல்லிக் குடுத்த நடிப்பு, வோட்டுக்காகத்தான்” என்பது மற்றது. சுருதி எப்படி நின்றது, மேல் சஞ்சாரம் எப்படி இருந்தது என்று யாரும் ஒரு சொல் சொல்வதில்லை.

2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா வென்றார். அதே மேடையில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன அசானியும் பாடினார். அந்த மாதங்களில் இலங்கைத் தமிழர் வாழும் இடமெல்லாம் இந்தப் பேச்சு ஓடியது, எங்கள் குடாவிலும் ஓடியது. இரண்டு பேரும் அப்போது பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய மனத்தையோ வேறெந்தப் பிள்ளையின் மனத்தையோ நான் இங்கே கூண்டில் ஏற்றப்போவதில்லை. கேள்வியைத்தான் விசாரிக்க வேண்டும். மேடையில் தெரியும் பணிவை மெய், பொய் என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியுமா? அந்தப் பணிவு எங்கிருந்து வருகிறது? யாரிடம் அதை அதிகமாகக் கேட்கிறோம்?

முதலில் “சொல்லிக் குடுத்தது” என்ற குற்றச்சாட்டு. அது உண்மைதான். எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டி மேடை புதிதில்லை. கல்வி அமைச்சின் தமிழ்மொழித் தினப் போட்டியில் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஏறும் பிள்ளை, சபைக்கு வணக்கம் சொல்லி ஏறவும் நன்றி சொல்லி இறங்கவும் சின்ன வகுப்பிலேயே பழகிவிடும். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குப் பரீட்சகர் முன் எப்படி அமர்வது, எப்படிப் பதில் சொல்வது என்பதையும் ஆசிரியரே திருத்தி விடுகிறார். பணிவின் உடம்பு பாட்டோடு சேர்த்தே கற்பிக்கப்படுகிறது. ஆனால் தாளமும் கற்பிக்கப்பட்டதுதான். கற்றுக்கொண்ட தாளத்தைப் பொய்த் தாளம் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல பழக்கம் எல்லாமே முதலில் யாரோ சொல்லிக் கொடுத்ததுதான்.

இதற்கு நம் இலக்கியத்தில் நீண்ட வழி இருக்கிறது. பெரிய காப்பியங்கள் பலவும் அவையடக்கம் சொல்லித்தான் தொடங்குகின்றன. தொல்காப்பியமே செய்யுளியலில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று புறப்பட்ட பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு கம்பர் தொடங்குகிறார். கம்பருக்குத் தன் பலம் தெரியாது என்று தமிழ் படித்த எவரும் சொல்லமாட்டார்கள். “நிஜமாகவே உம்மைப் பூனை என்று நினைக்கிறீரா?” என்று அவரைக் கேட்டவரும் இல்லை. அவைக்கு முன்னால் நிற்பவன் அவைக்குச் செலுத்த வேண்டிய மரியாதை அது, அவ்வளவுதான். தன்னைப் பற்றிய வாக்குமூலமாக அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வள்ளுவரும் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அவையஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்று அவர் கருதவில்லை.

கடவுளுக்குப் புகழைக் கொடுப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. திருகோணமலையில் இதை நாம் தினமும் கேட்கிறோம். ஒரு வீட்டில் கோணேசர் அருள், அடுத்த வீட்டில் ஆண்டவர் கிருபை, கிண்ணியாப் பக்கம் போனால் அல்ஹம்துலில்லாஹ். 2009 பிப்ரவரியில் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னபோது, தன் இசை சிறியது என்று அவர் சொல்லவில்லை. அந்த இசைக்காக விருதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சொன்னார். திறமையை அறிந்திருப்பதும், அது தனக்கு வந்த வழியை மறக்காமல் இருப்பதும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியும். “பணிவாக இருக்கிறான், ஆனால் உள்ளுக்குள் தான் பெரிய பாடகன் என்று தெரியும், ஆகவே நடிப்பு” என்ற கணக்கு இந்த இடத்திலேயே பிழைத்துவிடுகிறது.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். பணிவு இல்லாதவன் கலைஞனாக முடியாது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையை நினைத்துப் பார்க்கலாம். அவர் காலத்தில் நாதஸ்வரக்காரர் மேல்சட்டை இல்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டி, பிரபுக்கள் முன் நின்றபடி வாசிக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானி போட்டார், முடியைக் கிராப் வைத்தார், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றார். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் அதைத் திமிர் என்றார்கள். இன்று திரும்பிப் பார்க்கும்போது அந்தத் திமிர்தான் ஒரு முழுச் சமூகத்துக்கு மேடையில் இருக்கை வாங்கிக் கொடுத்தது என்று தெரிகிறது. அவரிடம் அன்று எதிர்பார்த்த பணிவுக்கும் இசைக்கும் சம்பந்தமே இல்லை, அது சாதியின் வரி. ஆகவே ஒரு கலைஞன் பணியவில்லை என்று குறைப்படுவதற்கு முன், யாருக்குப் பணியச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இனித் தொலைக்காட்சி. விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர்’ 2006இல் தொடங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இந்த வகை நிகழ்ச்சிக்கு ஓர் உறுதியான அச்சு உருவாகிவிட்டது. பிள்ளையின் வீடு, அப்பாவின் தொழில், அம்மாவின் கண்ணீர் எல்லாம் முதலில் ஒரு சிறு படமாக வரும். பிறகு பாட்டு. பிறகு நடுவரின் புகழ்ச்சி, பிள்ளையின் தலைகுனிவு. பார்வையாளர் வாக்கு இருக்கிற போட்டியில் இந்தக் கடைசி நொடிக்கு விலை உண்டு என்பதை மறுக்க முடியாது. 2018இல் ஆறாம் பருவத்தில் கிராமிய இசைக்கலைஞர் செந்தில் கணேஷ் வென்றபோது, அவருடைய எளிமைதான் வென்றது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவரும் மனைவி ராஜலட்சுமியும் அதற்கு முன்பே பல ஆண்டுகள் ஊர் ஊராக மேடையேறிப் பாடியவர்கள் என்பது அந்த முணுமுணுப்பில் மறைந்துபோனது. அதற்கு முன், 2016இல் ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் வென்றபோது கோபம் வேறு பக்கமிருந்து வந்தது. அவர் ஏற்கெனவே திரைப்படங்களில் பாடியவராம், பிறகெப்படி இந்த மேடைக்கு வரலாம் என்று கேட்டார்கள். இரண்டு கோபத்துக்கும் அடி ஒன்றே. எங்கிருந்தோ திடீரென்று முளைத்த, தன் திறமை தனக்கே தெரியாத ஒருவரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி நமக்கு வேண்டும். உழைத்தவர், அறிந்தவர், தயாராக வந்தவர் என்று தெரிந்தால் மனம் சுருங்குகிறது.

இது தமிழருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. 2009 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ நிகழ்ச்சியின் மேடைக்கு 47 வயது சூசன் பாயில் வந்தார். பெரிய பாடகியாக வேண்டும் என்று அவர் துணிந்து சொன்னபோது அரங்கம் ஏளனமாகப் பார்த்தது. பாடியதும் அதே அரங்கம் எழுந்து நின்றது. ஒளிபரப்பின் மறுநாளிலிருந்து அவர் உலகத்துக்கு எளிமையின் உருவம். பாயில் முன்பே பாட்டுப் பயிற்சி எடுத்தவர், 1999இலேயே ஓர் அறக்கொடை இசைத்தட்டில் பாடியவர் என்பதைச் சொன்னவர்கள் குறைவு. சியா-ஜுங் ட்சாய், மஹ்சரின் பனாஜி என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்தார்கள். ஒரே கலைஞரின் வாசிப்பை இரண்டு பேருடையது என்று சொல்லி, ஒருவர் பிறவித் திறமை, மற்றவர் கடும் உழைப்பாளி என்று அறிமுகம் செய்து இசை வல்லுநர்களைக் கேட்கவைத்தார்கள். உழைப்பே முக்கியம் என்று வாயால் சொன்ன வல்லுநர்கள், பிறவித் திறமை என்று சொல்லப்பட்டவருக்குத்தான் அதிக மதிப்புக் கொடுத்தார்கள். அப்படியானால் போட்டியில் நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? தன் பத்து வருடச் சாதகத்தை வெளியே காட்டாமல், “சும்மா பாடினேன்” என்று சொல்லத்தான் பழகும். அந்த இடத்தில் பொய் ஏதாவது இருந்தால், அதை முதலில் கேட்டது நாம்.

சரி, பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? “எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்” என்று அடித்துச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இருவர் 2006இல் முந்தைய இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று கேட்டால், மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக 100க்கு 54 தடவை. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். அதுவும் நேராகச் சொல்லப்படும் பொய்யைப் பற்றிய கணக்கு. பணிவு என்ற, இன்னும் நுட்பமான மனநிலையைப் பல மணி நேரப் படப்பிடிப்பிலிருந்து வெட்டித் தைத்த சில நொடிகளில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். எந்தக் கண்ணீரை வைக்கிறார்கள், எந்தச் சிரிப்பை எடுத்துவிடுகிறார்கள், எந்த இடத்தில் பின்னணி வயலினை ஏற்றுகிறார்கள் என்பதைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து பார்த்த ஒரு பார்வை தவறான இடத்தில் ஒட்டப்பட்டால் பிள்ளைக்கு எடுப்புப் பட்டம். அதே பார்வை வேறிடத்தில் ஒட்டப்பட்டால் தன்னம்பிக்கை.

இங்கே ஒரு பழைய நினைவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பாடகரின் முகம் தெரியாது. பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ வானொலியில் வந்த நாட்களில் போட்டியாளரின் குரல் வரும், பாட்டு வரும், முடிந்துவிடும். யார் குனிந்தார், யார் அழுதார் என்று கேட்க வழியே இல்லை. தொலைக்காட்சிதான் கண்ணை நடுவராக்கியது. அதே ட்சாய் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டுகிறது. செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்று மூவரைக் காட்டி, யார் வென்றிருப்பார் என்று கேட்டார். ஒலியை மட்டும் கேட்டவர்கள் பெரும்பாலும் தவறவிட்டார்கள். ஒலியே இல்லாத காணொளியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழப் பாதித் தடவை சரியாகச் சொன்னார்கள், இசை வல்லுநர்களும் அப்படித்தான். உண்மையான போட்டி நடுவர்களே காதைவிடக் கண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள் என்று இதிலிருந்து புரிகிறது. நடுவர்களுக்கே இந்த நிலை என்றால், தேநீர் குடித்துக்கொண்டு திரையைப் பார்க்கும் நம் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

மெய், பொய் என்ற இரண்டே பெட்டிகள் போதாது என்பதையும் ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆர்லி ஹோக்‌ஷைல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலில் இரண்டு வகை நடிப்பைப் பிரித்தார். முகத்தில் மட்டும் போட்டுக்கொள்வது ஒன்று. அந்த உணர்ச்சியை உள்ளுக்குள்ளும் உண்டாக்கிக்கொண்டு வெளிப்படுத்துவது இன்னொன்று. பாடுகிறவர்களுக்கு இரண்டாவது வகை நன்றாகத் தெரிந்தது. சோகப் பாட்டைப் பாடுகிற பிள்ளைக்குத் துக்கம் அனுபவமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் பாடும் நேரத்தில் அது துக்கப்படத்தான் செய்கிறது. பணிவும் அப்படியே. முதலில் ஆசிரியருக்குப் பயந்து குனிந்த தலை, ஆண்டுகள் போகப் போக மனமறிந்தே குனியத் தொடங்கும். சிலருக்கு அது கடைசிவரை கழுத்தோடு நின்றுவிடும். எது எவருக்கு என்று பத்து வாரத்துப் போட்டியில் தெரியாது. பல வருடம் கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

என்னை அதிகமாக வருத்துவது வேறொன்று. இந்தப் பணிவை நாம் எல்லோரிடமும் ஒரே அளவில் கேட்பதில்லை. பெண் பிள்ளையிடம் அதிகம் கேட்கிறோம். “நான் நன்றாகப் பாடினேன்” என்று ஒரு பையன் சொன்னால் கெட்டிக்காரன், ஒரு பெட்டை சொன்னால் வாய்க்காரி. அமெரிக்காவில் லோரி ரட்மன் 1998இல் செய்த ஆய்விலும், தன் திறமையைத் தானே எடுத்துச் சொன்ன பெண் திறமைசாலி என்று ஏற்கப்பட்டாலும் அவள் மேலுள்ள விருப்பம் குறைந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையிடம் அதிகம் கேட்கிறோம், நன்றியோடு இருக்கிறதா என்று உற்று உற்றுப் பார்க்கிறோம். கடல் கடந்து போகும் எங்கள் பிள்ளைகளிடம் அதைவிட அதிகம். சீனன்குடா நிலையத்தில் கொழும்பு ரயில் ஏறி, கடவுச்சீட்டு, விசா, விமானம் எல்லாம் தாண்டிச் சென்னை அரங்கில் நிற்கும் பிள்ளை, தன் பாட்டோடு ஊரின் மானத்தையும் சுமக்கிறது. அங்கே போரையும் இழப்பையும் பற்றி அதனிடம் கேட்பார்கள். அழுதால் அனுதாபம் தேடுகிறது என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சு என்பார்கள். அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்வது ஒரு பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம். அதைப் போய் உரசிப் பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

பணிவு எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் செல்வம் உள்ளவரிடம் இருந்தால் அது இன்னொரு செல்வம் என்பது வள்ளுவர் கருத்து. அந்த அளவுகோலைப் போட்டி மேடையில் வைத்துப் பார்த்தால் கேள்வியே இடம் மாறிவிடும். மேடையில் செல்வமும் அதிகாரமும் யாரிடம் இருக்கிறது? பாடும் பிள்ளையிடம் இல்லை. நாற்காலியில் இருக்கும் நடுவரிடமும், ஒலிவாங்கியை நீட்டும் தொகுப்பாளரிடமும், படத்தை வெட்டும் அலைவரிசையிடமும், வாக்குப் போடும் நம்மிடமும் இருக்கிறது. பணிவைத் தேட வேண்டியது அங்கேதான்.

அங்கே அது இருந்ததற்குச் சாட்சியும் உண்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1960களில் சென்னையில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கி வெளிச்சத்துக்கு வந்தவர். 1996இல் தொடங்கி ஈடிவியில் ‘பாடுதா தீயகா’ என்ற தெலுங்கு நிகழ்ச்சியை நடத்தினார், தமிழிலும் இளம் பாடகர்களோடு மேடையில் அமர்ந்தார். ஒரு பிள்ளை பாடியதும் அந்தப் பாட்டை எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், முதலில் பாடியவர் எப்படிப் பாடினார் என்று சொல்வார். முறையாகச் சங்கீதம் படிக்காதவன் நான் என்பதை மறைக்காமல் சொல்வார். திரையில் 50 ஆண்டு நிறைந்தபோது யேசுதாசின் பாதங்களைக் கழுவிப் பூசை செய்தார். இவருடைய பணிவு மெய்யா என்ற கேள்வியை 2020 செப்டம்பர் 25இல் அவர் மறையும்வரை யாரும் பெரிதாக எழுப்பவில்லை. ஐம்பது ஆண்டுகள் கூட வேலை செய்தவர்கள் பலரும் அந்தப் பணிவையே சொன்னார்கள். காலம்தான் சாட்சி சொல்லியது.

இன்னொரு சாட்சி ஒரு பிள்ளையிடமிருந்து வந்தது. 2015 பிப்ரவரியில் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ இறுதிப் போட்டியில் கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்திலிருந்து ஒரு பாட்டைப் பாடினார். இரண்டாம் இடம். பரிசு ஒரு கிலோ தங்கம். அந்தத் தங்கம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு என்று அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நானும் நீங்களும் அறியோம். அறிய வேண்டிய தேவையும் இல்லை. கைக்கு வந்ததைத் தன்னைவிட இல்லாதவர் பக்கம் திருப்பிவிட்ட செயல் கண்ணுக்குத் தெரிந்தது, அதை மதிப்பதற்கு மனத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். திரையில் தெரியும் பணிவு எதற்கும் சான்று ஆகாது, பொய்க்கும் ஆகாது, மெய்க்கும் ஆகாது. அது மேடைக்குரிய மரியாதை, நன்றாகச் செய்யும் பிள்ளையைப் பாராட்டலாம், அத்தோடு விட்டுவிட வேண்டும். மெய்யான பணிவை அறிய விரும்பினால் வாக்குப் போட முடியாதவர்களிடம் பிள்ளை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒத்திகையில் தபேலாக்காரர் தாளம் தவறினால் என்ன சொல்கிறது, சவுண்ட்ஸ்காரத் தம்பியை எப்படிக் கூப்பிடுகிறது, தோற்ற பிள்ளையின் பக்கத்தில் போய் இருக்கிறதா, முதல் பாட்டைச் சொல்லிக் கொடுத்த ஊர் ஆசிரியரின் பெயரைப் பெரிய ஆளான பின்னும் சொல்கிறதா. இவையெல்லாம் ஒளிபரப்பாவதில்லை. கூட இருப்பவர்கள் மட்டும் அறிவார்கள், அவர்கள் அறிந்தால் போதும்.

சீனன்குடாவிலிருந்தும் ஒரு பிள்ளை அந்த மேடைக்குப் போகும் நாள் வரும். அன்று அதன் முகத்தைப் படித்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். குனிந்தால் நடிப்பு என்றும் நிமிர்ந்தால் எடுப்பு என்றும் சொல்ல வேண்டாம். இரண்டு சொல்லும் அந்தப் பிள்ளையின் காதில் எப்படியும் விழும், பாட்டில் அது தெரியும். தாய்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்குக் கும்பிடக் கற்றுக் கொடுங்கள். “நான் உழைத்துப் படித்தேன், நன்றாகப் பாடினேன்” என்று நேராகச் சொல்லவும் சேர்த்தே கற்றுக் கொடுங்கள்.